மெஷின் பொய் சொல்லாதாம்!

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது. அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கைப் பனிமூட்டம் மூடிக்கிடந்தது. ஆக்ரா ஓயாவின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில், மூன்றாம் நிறுவைக்காகப் பெண்கள் வரிசையாய் நின்றனர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இஃது ஒரு தோட்டத்தின் கதையன்று.

உறவினர் ஒருவரைக் காணச் சென்ற நான், மழைக்கு ஒதுங்கி ஓரமாய் நின்றேன். வரிசையின் நடுவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். இடுப்பிலே நனைந்த படங்கு, முதுகிலே கூடை. காலை நிறுவையில் 6.8 கிலோ, பகலில் 7.6 கிலோ, மாலையில் 4.9 கிலோ. மூன்று முறையும் தராசின் முகப்பிலே ஓடிய எண்களை மனத்திலே முடிந்துவைத்திருந்தார் அவர். அத்தோட்டத்திலே முழுப்பேருக்கு 18 கிலோ வேண்டும். அவர் கணக்கின்படி 19.3 கிலோ. கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த கருவியோ 17 என்றது.

“ஐயா, பதினெட்டுக்கு மேல வந்திருக்கணுங்களே. மூணு தரமும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்.”

“மெஷின் பொய் சொல்லாது அக்கா. அரைப்பேர்னு விழுந்திருச்சு. நான் என்ன செய்யட்டும்?”

கணக்கப்பிள்ளை கொடியவர் அல்லர். அவர் முகத்திலும் சங்கடம் தெரிந்தது. ஆயினும் அவர் கையிலே அதிகாரம் இல்லை. கைக்கருவி தராசோடு பேசுகிறது; தராசு கந்தோரோடு பேசுகிறது; கந்தோர் கொழும்போடு பேசுகிறது. பேசாதது ஒன்றே ஒன்று: இவையெல்லாம் எவருடைய உழைப்பைப் பற்றிப் பேசுகின்றனவோ, அந்த அம்மையாரோடு மட்டும் எதுவும் பேசவில்லை!

நான் ஒரு கடித உறையின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறும் ஏழும் நான்கும் பதினேழு. புள்ளிக்குப் பின்னாலிருந்த 0.8, 0.6, 0.9 ஆகிய மூன்றும் எங்கோ உதிர்ந்துவிட்டன. உதிர்ந்தது 2.3 கிலோ. அந்த 2.3 கிலோ ஒரு மனுஷியின் முழுநாளை அரைநாளாக்கிற்று.

மெஷின் பொய் சொல்லாதாம்! இந்த வேதவாக்கை இன்று மலைநாடெங்கும் ஓதுகின்றனர். முகாமையாளர் ஓதுகின்றனர், நகரத்திலிருந்து கருவி விற்க வருவோர் ஓதுகின்றனர், நம் வீட்டுப் படித்த பிள்ளைகள் சிலரும் கூடவே ஓதுகின்றனர். அந்த வாக்கை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பொய் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது?

மின்தராசு என்பது மாயமன்று. அதன் உள்ளே ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. சுமை ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பிகள் மின்சார மாற்றமாக உணர்த்துகின்றன. அம்மாற்றத்தை எண்ணாக்கிக் காட்டுகிறது தராசு. ஈரம் புகுந்தால், தட்பவெப்பம் மாறினால், நாளாவட்டத்தில் அது பிசகும். ஆகவேதான் அறிந்த எடையொன்றை வைத்து அதை அடிக்கடி சரிபார்க்க வேண்டும் என்கிறது விஞ்ஞானம். காற்றிலே ஊசலாடும் சாக்கை எந்தக் கணத்தில் நிறுத்து முடிப்பது என்பதையும் யாரோ ஒருவர் முன்கூட்டி முடிவுசெய்து வைத்திருக்கிறார்.

இவையாவும் தராசின் கதை. தராசிலிருந்து கைக்கருவிக்கு எண் போனபின் வேறொரு கதை தொடங்குகிறது. புள்ளிக்குப் பின்னுள்ளதை எண்ணுவதா, தள்ளுவதா? சாக்குக்கு எவ்வளவு கழிப்பது? மழைத் தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது? இவற்றை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில், எவரோ கேட்க, எவரோ எழுதிய ஒரு வரி தீர்மானிக்கிறது. மெஷின் பொய் சொல்லாது என்பது உண்மையே. சொல்லிக்கொடுத்ததை மட்டுமே அது சொல்லும். கிளிப்பிள்ளையைக் கூண்டில் நிறுத்தி, கற்றுக்கொடுத்தவனைத் தப்பவிடுவது எந்த ஊர் நீதி?

சில்லறை என்று சிரிப்போர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். நிறுவைக்கு நிறுவை சராசரி அரைக் கிலோ உதிர்கிறது என்று கொள்வோம். நாளுக்கு மூன்று நிறுவை, ஒன்றரைக் கிலோ. மாதம் 20 நாள் வேலை என்றால் 30 கிலோ. நூறு பெண்கள் கொழுந்து பறிக்கும் ஒரு பிரிவிலே மாதம் 3,000 கிலோ. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. ஆக, மாதந்தோறும் 650 கிலோவுக்கும் அதிகமான தேயிலை, எவருடைய பேரிலும் எழுதப்படாத கொழுந்திலிருந்து பிறந்துவிடுகிறது! ஏட்டிலே உதிர்ந்த கொழுந்து ஸ்டோருக்குள்ளே உதிர்வதில்லை. அது வாடுகிறது, அரைபடுகிறது, உலர்கிறது, கொழும்பு ஏலத்திலே விலைபோகிறது. அதைப் பறித்த கைக்கு மட்டுமே அது இல்லாத கொழுந்து.

பழைய தராசிலே களவு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! முள் தராசின் காலத்திலே கழிவு என்ற பெயரால் வெட்டப்பட்ட கிலோக்கள் எத்தனை எத்தனை! நம் தாய்மார் அதை மறந்தாரில்லை. ஆயினும் அந்தக் களவுக்கு ஒரு முகம் இருந்தது. வெட்டிய கையைப் பிடிக்கலாம். பிரட்டுக்களத்திலே நின்று கேட்கலாம். தலைவரைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போகலாம். இன்றைய களவுக்கு முகமில்லை. அதனிடம் போய் எவரும் கேட்கவும் முடியாது.

ஆறு அறிவுள்ள மனிதன், அறிவே இல்லாத ஒன்றின்முன் கைகட்டி நிற்கிறான். அந்த ஒன்றை ஏவிவிட்டவனோ திரைக்குப் பின்னே நிற்கிறான்.

துண்டு போயிற்று, துண்டு வந்தது

ஏடு என்ன செய்யும் என்பதை மலையகத் தமிழனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் காலத்திலே ‘துண்டு’ என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பது அதிலே எழுதப்பட்டிருக்கும். எழுதியவன் வேறு, எழுதப்பட்டவன் வேறு. எழுதப்பட்டவனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அக்கடன் தீர்ந்தாலன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் பெயர முடியாது; புதிய தோட்டம் அக்கடனைக் கட்டினாலோ, பழைய விலங்கு புதிய காலுக்கு மாறும். 1921இலே சட்டம் அத்துண்டை ஒழித்தது.

1948இலே வந்தது அடுத்த ஏடு. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இம்மண்ணிலே பிறந்தமைக்கு எழுத்துச் சான்று கேட்டது. லயத்துக் காம்பராவிலே பிறந்தவனுக்கு எவன் எழுதிவைத்தான் பிறப்புச் சான்று? 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஒன்றரை இலட்சத்துக்கும் குறைந்தோரே ஏற்கப்பட்டனர். 1964இலே சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை அங்கே என்றும் 3,00,000 பேரை இங்கே என்றும் பங்கிட்டது. அந்தக் கணக்கு முடிந்து, எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. மலையை வெட்டிப் பாதை போட்டவனும், காட்டை அழித்துத் தேயிலை நட்டவனும், ஏட்டிலே பேரில்லை என்ற ஒரே காரணத்தால் அரைநூற்றாண்டு காலம் நாடற்றவன் ஆனான்.

ஆகவே, ‘கணினியிலே இப்படித்தான் இருக்கிறது’ என்ற சொல்லை நாம் முதல்முறையாகக் கேட்கவில்லை. எழுதியவன் காட்டமாட்டான், எழுதப்பட்டவன் கேட்கமாட்டான், எழுத்து மட்டும் ஆளும். அத்துண்டுக்கும் இந்தக் கருவிக்கும் என்ன வேறுபாடு? துண்டு மடியிலே இருந்தது. இது கண்காணா இடத்திலே இருக்கிறது. அவ்வளவே!

அண்மையிலே கண்டோமல்லவா? 2023இலே அஸ்வெசும உதவித் திட்டம் வந்தபோது, குடும்பத்தின் வறுமை 22 அளவுகோல்களால் புள்ளியிடப்பட்டது. புள்ளி போதாதோர் ஏழையர் அல்லர் என்றாயிற்று. நாடெங்குமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. அடுப்பெரியாத வீட்டுக்காரி, தன் வறுமையைக் கணினிக்கு நிரூபிக்க வரிசையில் நின்றாள்.

இன்றைக்கு இதன் பாரம் இன்னும் கூடியிருக்கிறது. 2021இலே நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024இலே 1,350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 1,750 ரூபா என்று அறிவித்தது: அதிலே 1,550 சம்பளம், 200 அரசாங்கம் தரும் வருகை ஊக்கத்தொகை. வருகையை எது சொல்லும்? ஏடு சொல்லும். ஏட்டை எது எழுதும்? கருவி எழுதும். 2021இலே கூட்டு ஒப்பந்தம் முறிந்தபின், நாளுக்கு எத்தனை கிலோ என்பதும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறாயிற்று. ஆக, சம்பளப் போராட்டத்திலே வென்ற ரூபாவை நிறுவைக் களத்திலே சத்தமின்றித் தோற்கலாம். பாராளுமன்றம் கொடுத்ததைப் புள்ளிக்குப் பின்னுள்ள எண் பறித்துக்கொள்ளும்.

வெள்ளையன் வீட்டிலே நடந்தது

‘படிக்காத தொழிலாளி, அவனுக்குக் கருவி புரியாது’ என்று முகம் சுளிக்கும் கனவான்களே! வாருங்கள், பிரித்தானியாவுக்குப் போவோம். அங்கே தபாற்கந்தோர்களில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணினி முறை புகுத்தப்பட்டது. புஜிட்சு என்ற பெருங்கொம்பனியின் ஆக்கம் அது. கிளைத் தபாலதிபர்களின் கணக்கிலே பணம் குறைகிறது என்று கணினி சொல்லிற்று. அவர்கள் படித்தவர்கள், வெள்ளையர்கள், ஊரிலே மதிப்புள்ளவர்கள். நம் நாட்டாரைப் போன்று ஆசியாவிலிருந்து சென்று குடியேறியோரும் அவர்களிடையே இருந்தனர். ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்று கதறினர். ‘கணினி தவறாது’ என்றது நிருவாகம். கணினி சரியாகவே இயங்கிற்று என்று அனுமானித்துக்கொள்ளும் விதியோடு நீதிமன்றமும் உட்கார்ந்திருந்தது. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாயினர். சிலர் சிறை சென்றனர். பலர் வீடு விற்றுக் கட்டினர். குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. பிழை கணினியிலே என்று தெளிந்து, அத்தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாய் இரத்துச் செய்யும் சட்டம் 2024இலே வந்தது. இருபது ஆண்டுகளின் பின்! இறந்தோருக்கு எந்தச் சட்டம் உயிர் கொடுக்கும்?

தமிழ்நாட்டைப் பாருங்கள். நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்திலே, 2023 சனவரி முதல் கைப்பேசிச் செயலி வழியாகவே வருகை பதியவேண்டும் என்ற விதி இந்தியாவெங்கும் கட்டாயமாயிற்று. நாளுக்கு இரண்டு முறை நிழற்படம். அலைவரிசை கிடைக்காத ஊரிலே வேலை செய்தவன் வேலை செய்யாதவன் ஆனான். ஊழலைப் பிடிக்க வந்த செயலி ஊழலைப் பிடித்ததா? வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம்பிடித்த படங்களும் ஏற்றப்படுகின்றன என்று 2025 ஜூலையிலே இந்திய அமைச்சே சுற்றறிக்கை விட்டது. கள்ளன் தப்பினான், களையெடுத்தவள் கூலி இழந்தாள்.

அக்கரப்பத்தனையிலே அலைவரிசை எப்படி? டயகமப் பக்கத்து மேட்டிலே ஏறிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தோரைக் கேளுங்கள்! அங்கே முகம் பார்த்து வருகை பதியும் கருவியும், விரல்ரேகை பார்க்கும் கருவியும் வருமென்றால், முக்காட்டுக்குள் நனைந்த முகத்தை அது எப்படி அறியும்? நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரலிலே எந்த ரேகையைத் தேடும்? கொழுந்தைப் படம்பிடித்துத் தரம் சொல்லும் கருவிகள் இந்தியத் தேயிலைத் தொழிலிலே வந்துவிட்டன. நாளை இங்கும் வரும். ‘உன் கொழுந்து முற்றல்’ என்று அது சொன்னால், ‘இல்லை’ என்று சொல்ல எவருக்கு உரிமை?

உடைப்பதா வழி?

இவ்வளவும் கேட்டபின், ‘உடைத்தெறி அந்தக் கருவியை!’ என்று கொதிக்கும் இளைஞர் உளர். அவர்தம் கொதிப்பை மதிக்கிறேன், வழியை மறுக்கிறேன்.

கென்ய நாட்டின் கெரிச்சோ, நம்மூரைப் போன்ற தேயிலைச் சீமை. கொழுந்து பறிக்கும் இயந்திரங்களால் பத்தாண்டுகளிலே 30,000 வேலைகள் பறிபோயின என்று அம்மாவட்ட அரசு அமைத்த குழுவே கூறிற்று. 2023 மே மாதம் மக்கள் பொங்கியெழுந்து இயந்திரங்களைத் தீயிட்டனர். ஓர் உயிர் போயிற்று, பலர் காயமுற்றனர். எரிந்த இயந்திரத்துக்குப் பதில் கொம்பனி வேறொன்று வாங்கலாம். போன உயிரை எங்கே வாங்குவது?

மேலும், இயந்திரம் மலைநாட்டுக்குப் புதிதுமன்று. 1867இலே லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், முதலில் தன் பங்களா விறாந்தையிலே மேசைமேல் வைத்துக் கையால்தான் கொழுந்தை உருட்டுவித்தார். சில ஆண்டுகளிலேயே உருட்டும் இயந்திரம் வந்தது. அன்று முதல் ஸ்டோர் இயந்திரத்தின் இராச்சியம்; மலை மனிதக் கையின் இராச்சியம். தூளிலே காம்பு பொறுக்கிய பெண்களின் இடத்தையும் இன்று நிறம் பிரிக்கும் இயந்திரம் பிடித்துக்கொண்டது: படக்கருவி பார்க்கிறது, காற்று ஊதித் தள்ளுகிறது. மலையிலோ, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, விடவேண்டிய இலை எது என்று கண்ணும் விரலும் ஒரே நொடியிலே தீர்ப்புச் சொல்ல வேண்டும். யப்பானின் சமதரைத் தோட்டங்களிலே மனிதன் ஏறியமர்ந்து ஓட்டும் இயந்திரம், நம் செங்குத்துச் சரிவிலே உருண்டுவிடும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொழுந்து வெட்டும் கத்தரியை ஆக்கித் தந்தது; இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் ஆங்காங்கே மலையேறிவிட்டது. தொழிலாளர் தொகை ஆண்டுக்காண்டு குறைகையில் இவை பெருகவே செய்யும்.

முதுகுச் சுமையைக் குறைக்கும் இயந்திரம் வரட்டும்! அட்டையும் குளவியும் நிறைந்த மலையிலே நம் பேத்திமாரும் கூடை சுமக்கவேண்டும் என்று எவன் ஆசைப்படுவான்? ஆயினும் சுமையைக் குறைக்கும் இயந்திரம் ஒன்று. கூலியைக் குறைக்கும் இயந்திரம் வேறொன்று. முன்னதை வரவேற்போம்; பின்னதைக் கேள்வி கேட்போம். கருவியை உடைப்பவன் அதை ஏவியவனுக்கு உதவுகிறான். களவின் சான்றும் அதனோடு எரிந்துபோகிறதல்லவா?

உண்மையைச் சொன்னால், மின்தராசு நம் கைக்கு வந்த ஆயுதம். முள் தராசு எதையும் நினைவில் வைத்ததில்லை. இதுவோ ஒவ்வொரு நிறுவையையும் நாள், மணி, எடை என்று பதிந்துவைக்க வல்லது. அப்பதிவைத் தொழிலாளியும் பார்க்கலாம் என்று ஆகட்டும். அன்றே பாதிக் களவு ஒழியும். கேள்வி கருவியைப் பற்றியதன்று. அது எவர் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்பதே கேள்வி.

சந்தாவை எண்ணுவோர் கொழுந்தை எண்ணுவரா?

தொழிற்சங்கத் தலைவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் சந்தா எங்கிருந்து வருகிறது? மாதந்தோறும் சம்பளத்திலே வெட்டப்பட்டு, அதே செக்ரோலிலிருந்து வருகிறது. சந்தா ஒரு சதம் குறைந்தால் கந்தோருக்கு ஓடுகிறீர்கள். அச்செக்ரோலை இன்று எழுதும் செயலி எப்படிக் கூட்டுகிறது, எப்படிக் கழிக்கிறது என்று உங்களிலே எத்தனை பேர் கேட்டீர்கள்? மேடையிலே 1,750 என்று முழங்குவது எளிது. மடுவத்திலே 0.8 எங்கே போயிற்று என்று கேட்பதே சங்கத்தின் வேலை.

அரசாங்கத்தைக் கேட்கிறேன். வாணிகத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அளவீட்டுத் திணைக்களம் இருக்கிறது. தராசுக்கு முத்திரை இட்டீர்கள். தராசு சொன்ன எண்ணை வெட்டும் செயலிக்கு எவர் முத்திரை இடுவது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறை மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையை எழுதிவைத்தது. நல்ல சட்டம்! ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய 2025 மார்ச்சிலே அவை ஒத்திப்போடப்பட்டன. கருவி ஒத்திப்போடப்படவில்லை; அதற்கெதிரான உரிமை மட்டும் ஒத்திப்போடப்பட்டது. 2024இலே ஐரோப்பிய ஒன்றியம், செயலி வழி வேலை செய்வோரைக் கணினி மட்டும் முடிவெடுத்து நீக்கலாகாது, மனிதர் ஒருவர் பொறுப்பேற்று ஆராயவேண்டும் என்று விதித்தது. பாரிசிலே சோறு சுமக்கும் இளைஞனுக்கு உள்ள உரிமை, அக்கரப்பத்தனையிலே கொழுந்து சுமக்கும் தாய்க்கு ஏன் இல்லை?

படித்த நம்மவரையும் விடுவதாயில்லை. லயத்திலே பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கிலே படித்து, இன்று ஆசிரியர், எந்திரி, சட்டத்தரணி, கணக்காளர் என்று உயர்ந்தோரே! தாய் பறித்த கொழுந்திலே படித்தீர்கள். அவளுடைய சம்பளச் சீட்டை ஒருநாள் கையிலெடுத்துக் கூட்டிப் பார்த்தீர்களா? மென்பொருள் எழுதும் பிள்ளைகள் நம்மிடையே பெருகிவிட்டனர். அவர்களிலே ஒருவரேனும் தோட்டத்துச் செயலியை ஆராய முன்வரலாகாதா?

இது தோட்டத்தோடு முடிந்துவிடும் என்று விவசாயிகளும் எண்ணவேண்டாம். தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும் சிறுதோட்டக்காரரே, சந்தைக்குக் கரட்டும் கோவாவும் ஏற்றும் நுவரெலியா விவசாயியே, உங்கள் மூட்டையும் இதே தராசுக்குத்தான் வருகிறது. உங்கள் கழிவையும் இதே வகை வரிதான் தீர்மானிக்கப் போகிறது.

நாம் கேட்பது என்ன?

கேட்பது பெரிதன்று. ஒன்று: தராசின் முகப்பும் கைக்கருவியின் எண்ணும் தொழிலாளி பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நிறுவை முடிந்ததும் தமிழில் அச்சிட்ட சிறு சீட்டு அவர் கைக்கு வரவேண்டும். இரண்டு: புள்ளிக்குப் பின்னுள்ள எண் ஒன்றும் உதிரலாகாது. சாக்குக் கழிவும் தண்ணீர்க் கழிவும் இவ்வளவு என்று மடுவத்துச் சுவரிலே எழுதப்பட வேண்டும். எழுதாத கழிவு களவு. மூன்று: பதிந்த எண்ணைப் பின்னர் எவர் மாற்றினாலும், மாற்றியவர் பெயரும் காரணமும் அழியாது நிற்கவேண்டும். நான்கு: அரைப்பேரோ, தண்டனையோ, வேலை நீக்கமோ, கருவி சொன்னது என்ற காரணத்தால் மட்டும் எவருக்கும் விழலாகாது. பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதர், தொழிலாளியை முன்னே வைத்துக் கேட்டு, காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐந்து: செயலியின் கணக்கு விதிகளைத் தொழிற்சங்கமும் அரசும் சோதிக்க உரிமை வேண்டும்.

இவை வரும்வரை கைகட்டி நிற்பதா? வேண்டாம். நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முத்திரையிட்ட ஐந்து கிலோப் படிக்கல் ஒன்றை ஒவ்வொரு பிரிவும் வாங்கட்டும். முதல் நிறுவைக்கு முன் அதைத் தராசிலே வைத்து, ஐந்து காட்டுகிறதா என்று அனைவரும் பார்க்கட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றிலே, அம்மா சொல்லும் மூன்று எண்களையும் புள்ளியோடு அன்றாடம் மாலை எழுதட்டும். மாதக் கடைசியிலே கொப்பியும் சம்பளச் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படட்டும். நூறு வீட்டிலே நூறு கொப்பி இருந்தால், மெஷின் பொய் சொல்லாது என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

கூலி உயர்வு கேட்டு 1940இலே முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிக்கு இரையானான். 1956இலே நம் பக்கத்து டயகமவில் ஏப்ரகாம் சிங்கோ வீழ்ந்தான். ஒருவன் தமிழன், ஒருவன் சிங்களவன். அவர்கள் கேட்டது பிச்சையன்று. செய்த வேலைக்குக் கணக்கு. அதே கணக்கைத்தான் நாமும் கேட்கிறோம். இன்று அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு படிக்கல்லும் ஒரு கொப்பியும் போதும், அவற்றோடு, “எங்கே, காட்டு பார்க்கலாம்!” என்று கேட்கும் துணிவும் வேண்டும்.

அந்த அம்மையார் அன்று அரைப்பேரோடு வீடு திரும்பினார். மறுநாள் அதிகாலை அதே மலைக்கு ஏறினார். மலை அவரை அறியும். தேயிலைச் செடி அவர் விரலை அறியும். அறியாதது அந்தக் கருவி ஒன்றே. அறியவைப்பது நம் கடமை!